மூன்று சுற்று

சிங்கப்பூரில் எல்லாரும் கடல் மட்டம் ஏறி வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தபோது, கடல் கீழே இறங்கிக் காணாமல் போய்விடுமோ என்று பயந்த ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் பயப்படுவார். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் லாத்தா. அவர்கள் வீட்டுப் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சீன மேலாளர் அதை அவருடைய பெயர் என்றே நினைத்துக்கொண்டு மின்னஞ்சலில்கூட 'டியர் லாத்தா' என்று எழுதுவார். யாரும் திருத்தவில்லை.

நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் கூடம் அது. லாத்தாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. இருபது வருஷமாகக் கல்லுக்குள் இருக்கும் தண்ணீரை அளப்பதுதான் அவர் வேலை. சேர்ந்த முதல் நாளே எனக்குக் கிடைத்த எச்சரிக்கை, "அவங்க பெரிய பயந்தாங்கொள்ளி, கண்டுக்காத" என்பதுதான். கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மனிதர் எஸ்கலேட்டரில் கால் வைப்பதற்கு முன் இரண்டு படிகளைப் போகவிட்டு மூன்றாவதில்தான் ஏறுவார். வீட்டில் பிரஷர் குக்கர் கிடையாது. கேட்டால், "ஆவிய அடைச்சு வச்சுட்டு பக்கத்துலயே நின்னு வெங்காயம் அரியறதா? நீ செய் லா, எனக்கு வேணாம்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் வற்றியிருந்த நேரம். சேறு தெரிந்தது, நண்டு ஓடியது, பிள்ளைகள் வாளியோடு அலைந்துகொண்டிருந்தார்கள். லாத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் மணலின் விளிம்பிலேயே நின்றுவிட்டார்.

"எவ்ளோ தூரம் போயிருக்கு பாரு," என்றார்.

"சாயங்காலம் வந்துடும் லாத்தா."

"இது வந்துடும். நான் இதச் சொல்லல."

அவர் எதைச் சொன்னார் என்று புரிய எனக்கு ஒரு பச்சைக் கல் வேண்டியிருந்தது. கடலுக்கு அடியிலிருந்து எடுத்த கல். எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கும். அதைப் பொடியாக்கி, ஒரு நாள் முழுக்க உலர வைத்து, "இப்ப இதுல ஈரம் இருக்கா, தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். பவுடர் மாதிரி இருந்தது. இல்லை என்றேன். பிறகு உலையில் வைத்து நன்றாகச் சுட்டு எடுத்து மறுபடி தராசில் வைத்தார். எடையில் எட்டில் ஒரு பங்கு காணோம்.

"போனது என்னன்னு நெனைக்கிற? கடல். கையில ஒட்டாது, ஆனா இதுக்குள்ள இருந்துச்சு."

கடல்தளத்துப் பாறையின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, பாறையோடு சேர்ந்து பாறையாகவே ஆகிவிடுகிறது. நமக்குத் தெற்கே, சுமத்திராவுக்கும் யாவாவுக்கும் அந்தப் பக்கம், கடலடியில் ஒரு நீண்ட அகழி இருக்கிறது. அங்கே அந்தப் பாறை நகம் வளரும் வேகத்தில் நிலத்துக்கு அடியில் சரிந்து போய்க்கொண்டே இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனதும் சூடும் அழுத்தமும் தாங்காமல் கொண்டுபோன தண்ணீரில் கொஞ்சத்தைக் கக்கிவிடும். அந்தத் தண்ணீர் பட்ட இடத்தில் மேலே இருக்கும் பாறை உருகும். உருகியது எரிமலைக்கு வரும். எரிமலை ஆவியை விடும், ஆவி மழையாகும், மழை கடலுக்குப் போகும். அதுவரைக்கும் லாத்தாவுக்குப் பிரச்சினை இல்லை. மீதித் தண்ணீர் கக்கப்படாமல் கல்லோடு கல்லாக இன்னும் கீழே, பூமியின் மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவில் இருக்கும் கவசத்துக்குள் போய்விடுகிறதே, அதுதான் பிரச்சினை. அங்கே ஏரியோ குளமோ இல்லை. வெறும் கல். அந்தக் கல்லுக்குள் ஒரு கடல் அளவு தண்ணீர் இருக்கலாம், அதைவிடப் பல மடங்கும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

"போறதுதான் ஜாஸ்தியா தெரியுது, வர்றது கம்மியா இருக்கு, புள்ள," என்பார் லாத்தா, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில்.

"கடல் வத்தறதுக்குப் பல கோடி வருஷம் ஆகும் லாத்தா. நமக்கென்ன?"

"எத்தன வருஷமா இருந்தா என்ன? போனது எங்க இருக்குன்னு தெரியல. தெரியாம எப்படிச் சும்மா இருக்கறது?"

இதுதான் லாத்தா. போன எதுவும் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் எங்கே இருக்கிறது என்றாவது தெரிய வேண்டும். எங்களுக்கும் அதே சட்டம்தான். எரிமலைக்குப் போகிறவர்கள் இறங்கி வந்ததும் முதலில் அவருக்கு 'வந்துட்டேன்' என்று செய்தி அனுப்ப வேண்டும். வீட்டுக்காரருக்கு அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.

நான் வருஷத்துக்கு இரண்டு முறை போவேன். யாவாவில் ஒரு மலை. எங்கள் குழு மூன்று பேர். நான், எங்கள் கூடத்து ஆய்வாளர் ஒருவர், மலையடிவாரத்து வழிகாட்டி. ஆய்வாளர் சிங்கப்பூர்த் தமிழர், என்னைவிட இளையவர். நாங்கள் டாக்டர் என்போம். அவருக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். வழிகாட்டியை மரியாதையாக 'பாக்' என்போம். எரிமலை வாயில் பாறை ஓட்டைகளிலிருந்து சீறிக்கொண்டு வரும் ஆவியைக் குழாய் வைத்துப் பிடித்து, குளிரவைத்து, தண்ணீராக்கி, சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி எடுத்து வருவதுதான் வேலை. மலைமேல் பெய்யும் மழைநீரில் எடை கூடிய ஹைட்ரஜன் குறைவு. கடலிலிருந்து பூமிக்குள் போய்ச் சுற்றிவிட்டு வரும் தண்ணீரில் கொஞ்சம் கூடுதல். அதை அளந்தால் அந்த ஆவியில் எவ்வளவு மழை, எவ்வளவு கடல் என்று லாத்தா சொல்லிவிடுவார். மலையை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. படத்தைக் காட்டினால்கூட ஃபோனைத் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார்.

பாட்டிலை மூடுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மூடியை இறுக்க வேண்டும். அதன்மேல், குழாய் வேலை செய்கிறவர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை மூன்று சுற்று சுற்ற வேண்டும். தேக்காவில் அவர் தம்பி வைத்திருந்த இரும்புக் கடையிலிருந்துதான் அந்த டேப் வரும். சுற்றி முடித்ததும் சத்தமாக "மூணு" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் நோட்டில் 3 என்று எழுத வேண்டும். மூடி தளர்ந்தால் தண்ணீர் ஆவியாகும். லேசானது முதலில் போய்விடும், எடை கூடியது தங்கிவிடும். வெறும் மழைத் தண்ணீர்கூடக் கடலிலிருந்து வந்ததுபோல் எண் காட்டும். டாக்டர் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். ஆனால் மேலே போனதும் ஒழுங்காக எழுதுவார்.

நான் சேர்ந்த ஆறாவது வருஷம், ஒரு நாள் காலை நாங்கள் எரிமலை வாய்க்கு இறங்கி முதல் பாட்டில் நிறையும் நேரம். வழக்கமாக அங்கே ஆவி சீறுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. திடீரென்று சத்தம் நின்றது. முற்றிலும் நின்றது. சத்தத்துக்குப் பயப்படாத நான் அந்த அமைதிக்குப் பயந்தேன். என் மூச்சு முகமூடிக்குள் எனக்கே கேட்டது. பாக் எழுந்து நின்று "துருன், துருன்" என்றார். மலையைவிட்டு இறங்கு, இறங்கு. மூடியைத் திருகினேன். தடித்த கையுறையில் டேப் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதை உதறிவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, "மூணு" என்று கத்தினேன். டாக்டர் ஓடிக்கொண்டே 3 என்று எழுதினார். எங்களுக்குப் பின்னால் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அன்று கிடைத்தது அந்த ஒரே ஒரு பாட்டில்.

சாயங்காலம் தங்கும் அறையில் பையைத் திறந்தால் உள்ளே ஈரம். மூடி பாதிதான் ஏறியிருந்தது. இறுக்கினேன். அழகாக, நிதானமாக, மூன்று சுற்று சுற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. லாத்தாவுக்கு 'வந்துட்டேன்' என்று மட்டும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து லாத்தா அந்தத் தண்ணீரை அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் முறையும் அதே எண். அதுவரை வந்த எதையும்விடக் கடல் பக்கம் சாய்ந்த எண். மழைநீர் குறைந்து, ஆழத்திலிருந்து புதிதாக நிறைய வந்துகொண்டிருக்கிறது, மலை வெடிக்கலாம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் மூடி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பாட்டில்தான் கிடைத்தது என்பதால் அடுத்த வாரமே நாங்கள் மறுபடி மேலே போவதாக இருந்தது. லாத்தா மேலாளரிடம் போய், இது என்னவென்று விளங்குகிற வரை யாரும் போகக்கூடாது என்றார். ஒரு பாட்டில், ஒரு எண், இதற்காக அனுமதியையும் டிக்கெட்டையும் ரத்து செய்ய முடியாது என்றார் மேலாளர். லாத்தா வாதாடவில்லை. மலைக்கு எடுத்துப் போகும் காலிப் பாட்டில்கள் இருக்கும் அலமாரியைப் பூட்டினார், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார், உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எஸ்கலேட்டருக்குப் பயப்படுகிற மனுஷி செய்த காரியம் இது. கூடமே வாயைப் பிளந்தது.

சாவியை வாங்கி வர என்னை அனுப்பினார்கள். தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் அடுக்குமாடியில் அவர் வீடு. கீழே மீன் வாடை, மேலே வந்தால் சாம்பிராணி. லாத்தா மேசையில் தட்டை வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"மூணு சுத்தா?" என்று கேட்டார், நிமிராமலே.

"மூணு லாத்தா. டாக்டர் நோட்டுல எழுதியிருக்காரே."

"நோட்டு கெடக்கட்டும். மூடி சரியில்லன்னா சொல்லிடு. திட்டமாட்டேன். இப்பவே சாவியத் தந்துடறேன், நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

ஒரே ஒரு உண்மை சொன்னால் சாவி கையில். ஆனால் ஆறு வருஷமாக, மற்றவர்கள் கொண்டுவரும் பாட்டிலின் மூடியை மூன்று முறை சோதிக்கிறவர், என்னுடையதை மட்டும் ஒரு முறையோடு விட்டுவிடுவார். அந்த நம்பிக்கையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அதோடு, உள்ளதைச் சொன்னால், அந்த அமைதிக்குள் இன்னொரு முறை இறங்க எனக்குத் துணிச்சலும் இல்லை. இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நல்லாத்தான் மூடுனேன் லாத்தா."

"அப்ப சாவி கெடையாது," என்று அடுத்த நெத்திலியை எடுத்தார்.

பயணம் தள்ளிப்போனது. நாங்கள் மேலே இருந்திருக்க வேண்டிய அதே நாள், அதே காலை, மலை வெடித்தது. நெருப்பு கிடையாது, பாறைக் குழம்பு கிடையாது, வெறும் ஆவி. சில நிமிஷங்கள்தான். மேலே அன்று யாரும் இல்லை. பாக் பிறகு ஒரு படம் அனுப்பினார். நாங்கள் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் திட்டு இருந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் அளவுக்குக் கற்கள் கிடந்தன. டாக்டர் ஆய்வுக்கூடத்திலேயே லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "லாத்தா, என் மகளுக்கு நீங்கதான் அப்பாவத் திருப்பித் தந்தீங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தப் பாட்டிலை மேலாளர் வாசலருகே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். இனிமேல் பாட்டிலைக் கேட்டுத்தான் மேலே போவோம் என்று முடிவானது. எண் பயமுறுத்தினால் நிற்பது, எண் சரியாக இருந்தால் போவது. லாத்தாவுக்கு மட்டும் அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை. கடந்து போகும்போதெல்லாம் ஒரு நொடி நிற்பார். "ஒரு தடவ சரியா இருந்துச்சு. ஒரு தடவன்னா அது ஒண்ணுமே இல்ல புள்ள," என்பார் என்னிடம். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன்.

எட்டு மாதம் போனது. பாக் கீழ்ச் சரிவில் இருந்த ஓர் ஓட்டையிலிருந்து இரண்டு பாட்டில் பிடித்து அனுப்பினார். லாத்தா அளந்தார். வழக்கமான பழைய எண். மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்த புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. டாக்டர் உற்சாகமாக வந்து, "நம்பர் ரொம்ப குட்டா இருக்கு. டோன்ட் வொரி லா, இந்த தடவ ரெண்டு மணி நேரம் உள்ளயே இருக்கலாம்" என்றார்.

இரண்டு மணி நேரம். முன்பெல்லாம் டாக்டர் மலைக்குப் பயப்படுவார். இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கவிடமாட்டார். இப்போது பயம் போய்விட்டது. அதை எடுத்தவள் நான். என் பொய்யின் மேல் கால் வைத்துக்கொண்டு மூன்று பேர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கப் போகிறோம். அதில் ஒருத்தி நானேதான். மறுநாள் காலை வேலைக்கு வரும் ரயிலில் என் கை நிற்காமல் நடுங்கியது. ரயில் மாற வேண்டிய நிலையத்தில் மாறாமல் இரண்டு நிலையம் தாண்டிப் போய்விட்டேன்.

லாத்தா உலை அருகே நின்று கல் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"லாத்தா, அந்த பாட்டிலுக்கு நான் மேல டேப் சுத்தல."

அவர் திரும்பவில்லை. தராசின் கதவை மெல்லச் சாத்தினார்.

"எப்ப சுத்துன?"

"சாயங்காலம். ரூமுக்கு வந்து."

"மூடி?"

"பாதி தெறந்திருந்துச்சு. பை நனஞ்சிருந்துச்சு."

லாத்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆறு வருஷமாக அவர் பயப்படுவதைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரித்தவள் நான். அதெல்லாம் விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தில் இப்போது வந்ததுதான் பயம்.

"அப்ப மலை நமக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லியும் இருக்கலாம் லாத்தா. இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல."

"நான் சாவிய எடுத்துட்டுப் போனது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உலையை அணைத்தார். பிறகு சொன்னார். "அல்லாஹ் காப்பாத்துனான். அத நான் வீட்ல சொல்லிக்கறேன். லேப்ல என்னன்னு எழுதறது?"

அவரே சொன்னார்.

"எதுவும் நம்மள எச்சரிக்கலன்னு எழுதணும்."

எழுந்து வாசலுக்குப் போய், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்தப் பாட்டிலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பேனாவைத் தந்தார். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் '3' என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே சுற்றவில்லை, மூடி தளர்ந்திருந்தது, மாலையில்தான் சுற்றப்பட்டது என்று எழுதி என் பெயரைப் போட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. அதை நானே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். போனேன். டாக்டர் இரண்டு முறை படித்தார். "அப்போ நெக்ஸ்ட் வெட்னஸ்டே..." என்றவர் ஃபோனை எடுத்து மனைவியை அழைத்து, ஒன்றுமில்லை, பாப்பா என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்டார். அவர் என்னிடம் பழையபடி பேச ஒரு வருஷம் ஆனது.

மேலாளர் கத்தினார். அவர் கத்தியதில் தப்பில்லை. டிக்கெட்டுகள் ரத்தாயின. அதற்குப் பிறகு எங்கள் கூடத்திலிருந்து யாரும் அந்த வாய்க்குள் இறங்கவில்லை. அடிவாரத்து வெந்நீர் ஊற்றோடு நின்றுகொண்டோம். அந்தப் பக்கத்து எண்கள் அவ்வளவு சுவாரசியமானவை அல்ல. பூமிக்குள் போனதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற லாத்தாவின் கேள்விக்கு எங்கள் கூடம் பதில் கண்டுபிடிக்கவே இல்லை.

அன்று மாலை கிளம்புவதற்கு முன் லாத்தா என் மேசைக்கு வந்தார். என்னை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"கை இன்னும் நடுங்குதா?"

மறைக்க முடியவில்லை. "நடுங்குது லாத்தா."

"நல்லது," என்றார். கைப்பையைத் திறந்து அலமாரிச் சாவியை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த கையிலேயே வைத்தார். "இனிமே இத நீ வச்சுக்க."

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.